ஸ்பீக்கர் இழுத்த திசை

பிணம் மிதக்கவில்லை.

அணைக்குள் மூழ்கிக் கிடந்த மரக்கட்டைகளுக்கு நடுவே சிக்கியிருந்தது... உடைந்த படகோடு சேர்த்து!

பூபதிராஜா. கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்புக்காரர். மலைமேல் ஒரு ரிசார்ட்டும், அணையில் ஓட்ட ஒரு வேகப் படகும் வாங்கியவர். காலைப் பனிமூட்டத்தில் திசைகாட்டியை நம்பி ஓட்டினார். போகக்கூடாத பக்கம் போய் மோதினார்.

முந்தைய நாள்தான் அந்தப் படகில் பழைய ஸ்பீக்கரைக் கழற்றிப் புதிது பொருத்தியிருந்தார்கள்.

பொருத்தியவன் சித்திரபுரம் மிக்கேல். இப்போது போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில்!

எஸ்.ஐ. கோமதி ஒரு கறுப்பு ஸ்பீக்கரை மேஜையில் தொப்பென்று போட்டாள்.

"காம்பஸ் பக்கத்துல இவ்ளோ பெரிய காந்தமா? படகு எங்க திரும்பினாலும் முள்ளு இதையே பாக்குது!"

"மேடம், நா வச்சது இது இல்ல! இது காருக்கு உள்ளது..." மிக்கேல் சுவரோரம் திரும்பிச் சீறினான். "ஏய் ஜோதி! வாயில என்ன கொழுக்கட்டையா? மேடத்துக்கிட்ட சொல்லுடி!"

ஞானஜோதி. அவன் மனைவி. அவனுடைய ஸ்பீக்கர் கடையில் ஒயர் பிடித்துக் கொடுப்பவள்.

அவளுக்குள் ஒரே கேள்விதான்... இவன் உள்ளே இருப்பானா, வெளியே வந்துவிடுவானா?

"ஏனுங்க மேடம்..." மூலையில் சுருண்டிருந்த செல்வப்பிரியா நிமிர்ந்தாள். செத்தவரின் மனைவி. "இவரு சொல்றது நெசமுங்க. எங்கூட்டுக்காரருதான் பெருசு வேணும்னு அடம் புடிச்சாரு. இவருதான், தண்ணி படற எடத்துக்கு இதானுங்க, காந்தமும் காம்பஸ இழுக்காதுன்னு வெள்ளை ஸ்பீக்கரா பாத்துக் குடுத்தாரு. நானே மாட்டறதப் பாத்தேனுங்க!"

"அப்புறமா இவனே மாத்தியிருந்தா?"

"எப்புடிங்க? வேலை முடிஞ்சதும் இவரும் எங்கூட்டுக்காரரும் எங்க ரிசார்ட்டுக்கு வந்து குடிக்க உக்காந்துட்டாங்க. காலைல ட்ரையலுக்கு இவருதான் போகோணும். போதைல எந்திரிக்கலை. அவரே எடுத்துட்டுப் போனாருங்க..."

உடைந்து அழுதாள்.

"பாட்டு கேக்க ஆசைப்பட்டது ஒரு குத்தமாங்க?"

கோமதி பெருமூச்சு விட்டாள்.

"மிக்கேல், நீ போலாம். கூப்பிட்டா வரணும்."

மிக்கேல் எழுந்தான். நேராக ஞானஜோதியின் மணிக்கட்டைப் பிடித்தான். முறுக்கினான்.

"ஊமை மாதிரியா நிக்க? வீட்டுக்கு வா... கதவப் பூட்டிட்டுப் பேசிக்கிடலாம்!"

"மேடம்!"

அலறல்! ஸ்டேஷனே திரும்பியது.

"நாந்தான் மாத்துனேன்!"

"என்னம்மா ஒளர்ற?"

"ஒளறல மேடம். நாலே நாலு ஸ்க்ரூ. ராத்திரி இவங்க குடிச்சிட்டிருந்தப்ப, கடையில கெடந்த கார் ஸ்பீக்கர எடுத்துட்டுப் போயி படகுல மாட்டுனேன். ட்ரையலுக்கு இவருதான போவாருன்னு..."

சட்டைக் கையைச் சுருட்டினாள். முழங்கை வரை சிகரெட் சூடு... பழசும் புதுசுமாய்!

"அடிப்பாவி!" மிக்கேல் பாய்ந்தான். கான்ஸ்டபிள் ஏசுதாஸ் அவனை அமுக்கிப் பிடித்தார்.

ஞானஜோதி அவனைப் பார்க்கவில்லை. செல்வப்பிரியாவைத்தான் பார்த்தாள்.

எத்தனையோ முறை மனதுக்குள் தாலியைக் கழற்றி வைத்து ஒத்திகை பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் மூச்சு லேசாக வந்திருக்கிறது. அந்தக் கோலம் இப்போது இன்னொருத்தி மேல் விழுந்து கிடக்கிறது. மன்னிப்புக் கேட்க உதடு பிரிந்தது. கைதான் கும்பிட்டது.

செல்வப்பிரியா அழுகையை நிறுத்தியிருந்தாள். அது அழுகையைவிடக் கொடுமையாக இருந்தது.

லாக்கப் கதவு சாத்தப்பட்டது.

"ஆயுசுக்கும் உள்ளதான்... தெரியுமா?" கோமதி கேட்டாள்.

"இதோட சாவி யாருகிட்ட மேடம் இருக்கும்?"

"எங்ககிட்டதான். ஏன்?"

ஞானஜோதி கம்பியில் சாய்ந்து, நெடுநாளைக்குப் பிறகு காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"அப்ப சரி... இந்த ஒரு கதவுக்காச்சும் அவருகிட்ட சாவி இல்ல!"