ஆறு மணிப் பெரட்டு

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். அந்த ஆள் பேர் கூப்பிட்டான்.

வடிவேலு முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்கரை பதினாலுக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் கடிந்துகொண்டதிலிருந்து, தாமான் குடியிருப்புத் திடலில் மற்றவர்களோடு நடக்கச் சொல்லி மருமகள் பிரேமலா நச்சரித்துக்கொண்டிருந்தாள். ரப்பர் தோட்டத்துச் சின்னையா கங்காணியின் மகன், அறுபத்தெட்டு வயதில், அரைக்கால் சட்டையோடு ஊர் பார்க்க மூச்சிரைப்பதா? முடியாது என்றார். மகனுக்குப் பினாங்கில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். கூலிம் தொழிற்சாலைக்கு இரவு ஷிஃப்ட் போகும் அவசரத்தில் பிரேமலா தொலைக்காட்சியில் பயிற்சி வீடியோக்களைத் திறந்துவிட்டு, ரிமோட்டை அவர் கையில் வைத்தாள்.

“பாடாங் வேணாம்னா வீட்டுலயே செய்ங்க மாமா. உங்க மானம் மரியாதை எல்லாம் கதவைச் சாத்திக்கிட்டு வேர்க்கட்டும்லா.”

அவருக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் சொன்னதில் ஒன்றே ஒன்றைத்தான் அவள் எதிர்த்துப் பேசாமல் கடைப்பிடித்தாள்: வாசலில் நிற்பவர் யாராக இருந்தாலும் ‘வாங்க’ என்று சொல்லிவிட வேண்டும். அதுவாவது இருக்கிறதே என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, விடியாத ஹாலில் பாயை விரித்து அவரே தேடினார். முதல் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரி உடம்போடு ஒட்டிய உடையில் குனிந்தாள். சாமிப் படத்துக்கு எதிரே இதுவா என்று மாற்றினார். அடுத்ததில் ஒரு மலாய்க்காரப் பையன் பாட்டுக்குக் குதித்தான், முட்டி தாங்காது. மூன்றாவதற்குத் தலைப்பே இல்லை. காக்கிக் கால்சட்டை, தொப்பி நிழலில் மறைந்த முகம், பின்னால் தோட்டத்து லயத்தின் பலகைச் சுவர், எங்கோ தொங்கவிட்ட இரும்பை யாரோ நிதானமாக அடிக்கும் ஓசை. மரியாதையாக இருக்கிறது என்று அதையே தேர்ந்தெடுத்தார்.

“பக்கிரிசாமி,” என்றான் அந்த ஆள்.

“இருக்கேன்யா,” என்றது படத்துக்கு வெளியே ஒரு குரல். ஆள் கையைத் தூக்கினான். வடிவேலுவும் தூக்கினார்.

“காளிதாசன்.”

“இருக்கேன்யா.” கை இறங்கியது.

பெரட்டு. இருட்டோடு ஆட்களை வரிசையில் நிறுத்தி அப்பா பேர் வாசித்த அதே முறை. பதில் வராவிட்டால் வீட்டு ஆள் யாராவது பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பேர் வெட்டு, அன்றைய கூலி போச்சு. அதனால் வராதவள் இன்னும் பாயில் புரண்டுகொண்டிருந்தாலும், “பின்னாடி வர்றாய்யா” என்று வீட்டார் கூசாமல் சொல்வார்கள். தோட்டத்தில் பிறந்த எல்லார் நாக்கிலும் ஊறிப்போன பொய் அது. எவனோ பழைய தோட்டத்து ஆள் விளையாட்டாகச் செய்திருக்கிறான் என்று அவர் சிரிக்கக்கூடச் செய்தார்.

“இராசாத்தி.”

மறுபடி தூக்கிய கை அப்படியே நின்றது. பதில் வரவில்லை. அந்த ஆள் காத்திருந்தான். வடிவேலு தொலைக்காட்சியை அணைத்தார்.

இராசாத்தி அவர் தங்கை. பெண்டாங் ஊர் லாரிக்காரனோடு போனவள், மூன்று மாதம் கழித்து ஒரு மழை நாளில் தனியாகத் திரும்பி வந்து பின்கதவைத் தட்டினாள். குடும்ப மானம் என்று சொல்லி, ‘வா’ என்ற ஒரு சொல்லைச் சொல்லாமல், வடிவேலுதான் தாழ்ப்பாளைப் போட்டார். விடிந்தபோது ஆலைக்குளத்தில் மிதந்தாள். காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லி அன்றே அடக்கினார்கள். அந்தப் பேரை மகன் கேட்டதில்லை. பிரேமலா கேட்டதில்லை. கேட்கவும் கூடாது.

இரண்டாம் நாள் வேறு வீடியோவைத்தான் போட்டார். பலகைச் சுவர்தான் வந்தது. அந்த ஆளுக்குப் பின்னால் இப்போது ஒரு வரிசை, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. வரிசையின் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. மூன்றாம் நாள், வெட்கத்தை விட்டு, அந்த வெள்ளைக்காரியையே தேர்ந்தெடுத்தார். அவள் குனிந்தாள். நிமிரவில்லை. முகத்தை மூடிய முடிக்குள்ளிருந்து, நல்ல தோட்டத்துத் தமிழில், ஆண் குரலில், கேட்டாள்.

“இராசாத்தி எங்க?”

வடிவேலு பிளக்கைப் பிடுங்கினார். ஹாலில் புளித்த ரப்பர் பால் நாற்றம் மத்தியானம் வரை நின்றது.

நான்காம் நாள் பிரேமலாவுக்கு ஓய்வு நாள். அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் பாயை விரிக்கவில்லை, ரிமோட்டைத் தொடவில்லை, பிளக்கும் தரையில்தான் கிடந்தது. ஆறு மணி அடித்தது. இரும்பு ஓசை கேட்டது. பலகைச் சுவர் வெளிச்சமாயிற்று.

பக்கிரிசாமி இருந்தான். காளிதாசன் இருந்தான்.

“இராசாத்தி.”

சத்தம் கூடியது. கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.

“இராசாத்தி. சின்னையா மவ இராசாத்தி.”

பிரேமலாவின் கதவிடுக்கில் விளக்கு எரிந்தது. கட்டில் கிரீச்சிட்டது. இன்னொரு முறை கூப்பிட்டால் கேட்டுவிடுவாள். கேட்டால் கேள்வி வரும். மகனுக்குப் போகும். தாமானுக்கே போகும். அந்த ஆளின் வாயை அடைக்க வேண்டும். எப்படியாவது. இப்போதே. நாக்கு தானாகப் புரண்டது.

“வர்றாய்யா,” என்றார் வடிவேலு. “பின்னாடி வர்றா.”

அந்த ஆள் தலையசைத்தான். கையிலிருந்த செக்ரோல் பேரேட்டில் ஒரு கோடு போட்டான். வரிசை முழுவதும் திரும்பியது. முகங்கள் அவரைப் பார்க்கவில்லை.

அவருக்குப் பின்னால் பார்த்தன.

சமையலறையில் பின்கதவுத் தாழ்ப்பாள் விலகியது. மெதுவாக. தரையில் தண்ணீர் சொட்டியது. நிலைப்படியோடு நின்றது. குளத்துச் சேற்று வாடை. அவரால் திரும்ப முடியவில்லை.

பிரேமலா கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவர் தோளுக்கு மேலே பார்த்தாள்.

“யாரு மாமா இவங்க? இப்படி நனைஞ்சு நிக்கிறாங்க?”

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

“வாங்க,” என்றாள் பிரேமலா, அவர் பழக்கிய மரியாதை கொஞ்சமும் குறையாமல். “உள்ள வாங்க.”

ஈரக் கால்கள் நடந்து வந்தன. சுருட்டிக் கிடந்த பாய் தானாக விரிந்தது. அவர் கால்களுக்குப் பக்கத்தில், தண்ணீரில் ஊறித் தோல் வெளுத்த இரண்டு பாதங்கள் குதிகால் சேர்த்து நின்றன.

“வடிவேலு,” என்றான் அந்த ஆள்.

பக்கத்தில் இரண்டு கைகள் மேலே எழுந்தன. அவருடைய கைகளும்.