விளக்கணைக்கப் போனவள்

தான் அணைத்துவிட்டு வந்த விளக்கொன்று பின்னால் மீண்டும் எரிவதை வெர்னா தற்செயலாகத்தான் பார்த்தாள்.

கையுறையை இழுத்துவிடுவதற்காக வளைவில் நின்றவள் திரும்பினாள். வாளியில் நீரை உறையவைத்து, நடுவைக் குடைந்து, உள்ளே மெழுகுவத்தி நிறுத்திய அந்தப் பனிக்கட்டி விளக்கு, பைன் மரங்களின் கரிய வரிசைக்கிடையே மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது. திரி முழுதும் அவியவில்லை போலும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சறுக்குக்கட்டைகளைத் திருப்பிச் சென்று, நீண்ட பிடியுள்ள கரண்டியால் பனியை அள்ளிச் சுடரின் தலையில் கொட்டினாள். ஒரு சிறு சீறல் எழுந்தது. கருகிய திரியின் நாற்றம் மூக்கில் ஏறியது. பிறகு இருளும், எங்கோ குளிரில் மரப்பட்டை வெடிக்கும் ஓசையும் மட்டுமே எஞ்சின.

ஆண்டின் எல்லாப் பருவத்திலும் மக்கள் களிக்கட்டும் என்று மாநில அரசு திறந்து வைத்திருக்கும் பெருங்காட்டுப் பூங்கா அது. மின்னசோட்டாவின் வடக்கு மூலையில், கோடைக்குப் படகும் இலையுதிர்காலத்துக்கு நடையும் போலப் பிப்ரவரிக்கு மெழுகுவத்தி மாலை. விளக்குகளுக்கிடையே சறுக்கி வந்து, கணப்புக் குடிலில் ஆளுக்கொரு கிண்ணம் சில்லி என்னும் காரமான கறிக்குழம்பு குடித்துவிட்டு வீடு திரும்புவார்கள். எல்லாருக்கும் பின்னால், ஆரஞ்சுச் சட்டை அணிந்த ‘கடைசி ஆள்’ ஒருவர் விளக்குகளை அணைத்துக்கொண்டே வருவார். அந்தப் பணிக்கு ஒரே ஒரு விதி உண்டு: எவருக்கும் முன்னால் உள்ள விளக்கை அணைக்கக் கூடாது, அவர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் முன்னே போகவிட்டுப் பின்னே காத்து நிற்கவேண்டும். இந்த ஒற்றை விதியைக் காப்பாற்ற இயலாதவனைத் தலைவனாக வைத்துக்கொண்டு, ஒரு சங்கம் தன்னைப் பூங்காவின் நண்பர்கள் என்று அழைத்துக்கொள்கிறது.

சென்ற ஆண்டின் கடைசி ஆள், அந்தத் தலைவன் லைல் ஸ்டென்ஸ்ரூட்தான். நிறுத்துமிடத்தில், குடிலில் இருந்தவர்களின் வண்டிகளைத் தவிர வேறொன்றும் நிற்கவில்லை, ஆகவே காட்டில் எவரும் இல்லை என்று முடிவுகட்டினான். சில்லிப் போட்டியில் வைத்த தன் பானை ஆறிவிடுமே என்ற கவலையில், ஆற்றோரத்து வெளிச்சுற்றுக்குப் போகாமலே குறுக்குவழியில் புகுந்து, குடிலுக்குத் திரும்பும் பாதையை இருட்டாக்கினான். வெர்னாவின் கணவர் ஓரினுக்கெனத் தனி வண்டி இல்லை. மனைவியின் வண்டியில் வந்தவர். அந்த வண்டியோ, அவள் சூடான சாக்லேட் ஊற்றிக்கொடுக்கும் வேலையில் இருந்ததால், குடிலின் பின்புறம் நின்றது. முழங்கால் வலியோடு வெளிச்சுற்றை முடித்துவந்தவருக்கு முன்னால் ஒரு விளக்கும் இல்லை. வலப்பக்கம் திரும்பவேண்டியவர் இடப்பக்கம் திரும்பினார். ஆற்றின் பனிக்கட்டி தாங்கவில்லை. இளவேனிலில் ஆறு உருகியபோதும் உடல் கிடைக்கவில்லை.

சங்கம் அவர் பெயரைப் பொறித்து ஒரு பெஞ்சு போட்டது. வெளிச்சுற்றை மூடியது. லைல் தலைவனாகவே நீடித்தான். இந்த ஆண்டு கடைசி ஆளாகத் தான்தான் போகவேண்டும் என்று வெர்னா கேட்டபோது, மறுக்க எவருக்கும் வாய் வரவில்லை. இனி ஓர் உயிரையும் இந்தக் காட்டில் விட்டுவிட்டு வரமாட்டேன் என்பதைத் தவிர, அவள் வாழ்க்கையில் பிடித்துக்கொள்ள வேறொன்றும் மீதமில்லை.

“அவசரமே இல்ல வெர்னா, நிதானமா வா,” என்று வாக்கிடாக்கியை நீட்டியபோது லைல் சொல்லியிருந்தான். “ஆனா என் சில்லிக்கு ஓட்டுப் போடாம போயிடாத.”

“போன வருஷம் நீ நிதானமா வந்திருந்தா, உனக்கு இன்னொரு ஓட்டும் கிடைச்சிருக்கும்.”



இப்போது அவள் மேலும் சில விளக்குகளை அணைத்துக்கொண்டு முன்னேறினாள். கட்டைகள் உறைபனியில் உரசும் ஓசை, துணியைக் கிழிப்பதுபோல் சீராக எழுந்தது. மேட்டின் அடியில், விளக்கொளியில், ஓர் இளந்தம்பதி கட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இவரு இத வாங்கி மூணு வருஷம் ஆச்சுங்க,” என்றாள் அந்தப் பெண். “கட்டைக்கு இன்னிக்குத்தான் பனின்னா என்னன்னே தெரியும்.”

“இவ மட்டும் பொறந்ததுலேருந்து சறுக்குறா. உக்காந்துக்கிட்டே,” என்றான் அவன்.

வெர்னா சிரித்தாள், சிரித்து வெகுநாளாயிற்று. அவன் காலணியின் பூட்டை மாட்டிவிட்டு, “நேரா போங்க. வெளிச்சம் இருக்கறவரைக்கும் பாதை இருக்கு. நான்தான் கடைசி, பின்னாடியே வரேன்,” என்றாள்.

“நீங்க கடைசி இல்லீங்களே,” என்றாள் அந்தப் பெண். “அந்த வளைவுல ஒருத்தர் உக்காந்திருந்தாரே, விளக்குக்குப் பக்கத்துல. வரீங்களான்னு கேட்டேன். ஒண்ணும் பேசல. நீங்க முன்னால போங்கன்னு கையக் காட்டுனாரு.”

அந்த வளைவை வெர்னா கடந்து வந்திருந்தாள். இருமுறை கடந்திருந்தாள். அங்கே எவரும் இல்லை.

தம்பதியின் வழக்காடும் குரல்கள் மேட்டுக்கு அப்பால் தேயும்வரை நின்றுவிட்டு, அவள் வாக்கிடாக்கியை அழுத்தினாள்.

“லைல், ஒரு ஜோடி வந்துக்கிட்டிருக்கு. இன்னும் ஒருத்தர் உள்ள இருக்காரு. நான் திரும்பிப் போறேன்.”

பின்னணியில் கிண்ணங்களின் ஓசையும் சிரிப்பும் கேட்டன. “யாரும் இல்லம்மா. வெளிய அந்த ஜோடியோட வண்டியும் நம்ம வண்டியுந்தான் நிக்குது. கணக்கு சரியா இருக்கு, வந்துரு.”

“வண்டிய எண்ணாத லைல். மனுஷன எண்ணு.”

பதிலுக்குக் காத்திராமல் திரும்பினாள். கோபம் நல்லது, உடம்பில் சூட்டை வைத்திருக்கிறது. நெற்றி விளக்கின் வெண்வட்டம் பனிமேல் ஊர்ந்தது. அந்த வட்டத்துக்கு வெளியே, ஒன்றன்பின் ஒன்றாக அவளே உண்டாக்கிய இருள் முழுவதும் மரங்களுக்கிடையே நின்றுகொண்டிருந்தது. அணைத்த திரிகளின் புகை வாடை இங்கே வரவில்லை. ஈர மண்ணின் வாடை வந்தது. தரை கல்லாக இறுகிக் கிடக்கும் பிப்ரவரியில், ஆற்றடிச் சேற்றின் வாடை.

வளைவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அதன் அருகே பனியில் ஒருவர் அமர்ந்திருந்த பள்ளம். பள்ளத்துக்குள் மெல்லிய பனிக்கட்டி படர்ந்திருந்தது, நனைந்த ஆடையோடு அமர்ந்ததுபோல். அங்கிருந்து போன தடம் ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த விளக்கும் எரிந்தது. அதற்கடுத்ததும்.

“யாரு அங்க? ஏங்க, நில்லுங்க. நான் பூங்காவோட ஆளுதான். கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்.”

விளக்குகள் பதில் சொல்வதுபோல் சற்றே தாழ்ந்து நிமிர்ந்தன. அவள் தொடர்ந்தாள். பாதை பிரியும் இடத்தில், வெளிச்சுற்றை அடைத்துக் கட்டியிருந்த கயிறு அறுபடாமலே இருந்தது. அதற்கப்பால், மரங்களூடே, ஆற்றை நோக்கி இறங்கும் மஞ்சள் வரிசை. அங்கே இந்த ஆண்டு ஒரு விளக்குகூட வைக்கவில்லை. வைக்கக் கூடாது என்று கூட்டத்தில் கையுயர்த்தியவர்களுள் அவளும் ஒருத்தி.

அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். அறிவு அதைத்தான் சொன்னது. ஆனால் உள்ளே ஒருவர் இருக்கிறார். உள்ளே ஒருவரை விட்டுவிட்டு விளக்கணைத்துப் போகிறவர்களின் கூட்டத்தில் அவள் சேரமாட்டாள். கயிற்றைத் தூக்கிக் குனிந்து நுழைந்தாள்.

“ஓரின்?”

சொல்லிவிட்டாள். ஓராண்டாக உரக்கச் சொல்லாத பெயர் உதட்டருகே ஆவியாகி உறைந்தது. கட்டைகளின் உரசல் மட்டும். அவள் நின்றாள். உரசல் நிற்கவில்லை.

பின்னால்.

திரும்பிப் பார்த்தாள். மேலே, கயிற்றினருகே, முதல் விளக்கு அணைந்தது. சிறு சீறல். இடைவெளி. அடுத்தது அணைந்தது. பனி அள்ளும் ஓசை தெளிவாகக் கேட்டது.

லைல்தான். மனம் உறுத்தி வந்திருக்கிறான். விதியை இப்போதாவது கற்றுக்கொண்டு, பின்னாலிருந்து முறையாக அணைத்துக்கொண்டு வருகிறான்.

“லைல், இங்க இருக்கேன். அணைக்காத.”

வாக்கிடாக்கி கரகரத்தது. “வெர்னா, எங்க இருக்க? அந்த ஜோடி வந்துட்டாங்க. நான் பானையக் கழுவிக்கிட்டிருக்கேன். உனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வெச்சிருக்கேம்மா.” நீர் கொட்டும் ஓசை. யாரோ சிரித்தார்கள்.

மூன்றாவது விளக்கு அணைந்தது.

“லைல். யாரு வந்தா இங்க? யார அனுப்புன?”

“யாரையும் அனுப்பலயே. எல்லாரும் இங்கதான். கணக்கு சரி.”

நான்காவது. அவள் பின்வாங்கிச் சறுக்கினாள். ஐந்தாவது. விரைவு இல்லை. அவள் நின்றால் அது நின்றது. அவள் நகர்ந்தால் அது அணைத்தது. நெற்றி விளக்கு மங்கியது. அவிந்தது. சேற்று வாடை. கீழே ஆறு. கட்டைகளின் வால் கரையோரப் பனிக்கட்டியில் தட்டியது.

ஒரு விளக்கு மட்டும் மிச்சம்.

அதன் மறுபுறம் அது வந்து நின்றது. கடைசி ஆள் அணியும் ஆரஞ்சுச் சட்டை, தகடாக உறைந்து, நகரும்போது முறிந்தது. தோள்கள் ஓரினின் தோள்கள். வலக்காலை ஊன்றாமல் நின்ற நிற்பும் அவருடையதே. முகத்தில் பனிக்கட்டி வழவழப்பாக மூடியிருந்தது. அதற்குள் கண்கள் திறந்திருந்தன. அவளைப் பார்த்தன. முப்பது ஆண்டுகள் ஒரே மேசையில் உண்டவளை அவை அடையாளம் காணவில்லை. அவற்றுக்கு அவள், பாதையில் மெதுவாகப் போகும் யாரோ ஒருத்தி.

“ஓரின். நான்தான்.”

அது விளக்கை அணைக்கவில்லை. பனியள்ளிய கையை உயர்த்தியபடி காத்திருந்தது. பொறுமையாக. மரியாதையாக. மற்றொரு கையை ஆற்றை நோக்கி நீட்டியது.

நீங்க முன்னால போங்க.

அவள் காலடியில், கட்டைகளுக்குக் கீழே, கருத்த பனிக்கட்டியின் அடியாழத்தில், ஒரு மஞ்சள் சுடர் ஏற்றப்பட்டது. சற்றுத் தள்ளி இன்னொன்று. பிறகு நீரோட்டத்தின் திசையெங்கும், வரிசையாக.