நாற்பத்தொரு இமைப்புகள்

டீயில் சர்க்கரை அதிகம் என்று அக்கா முகம் சுளித்தபோதுதான் தங்கை அதைக் கவனித்தாள். வந்து உட்கார்ந்து கால்மணி நேரமாகிவிட்டது. அக்கா ஒருமுறைகூட இமைக்கவில்லை.

படத்தொகுப்பு அறைக்கு ஜன்னல் கிடையாது. ஓடி ஓடிச் சூடேறிய மோட்டாரின் முனகலும், பிலிம் ஒட்டும் பசையின் புளித்த நெடியும், கம்பியில் தொங்கிய வெட்டுத்துண்டுகள் சுவரில் ஆட்டிய நிழல்களும் தங்கைக்குப் பத்து வருடப் பழக்கம். இன்று ஏனோ அவை நெருங்கி வந்து நின்றன.

அக்கா பெயர்பெற்ற சிற்பி. சாபத்தால் கல்லாகிப்போன புராணப் பெண்ணாக அவளையே நிற்கவைத்து, அவள் வாழ்க்கையைச் சொல்லும் படம் இது. “கல்லு கண் சிமிட்டுமாம்மா? எல்லாத்தையும் வெட்டித் தள்ளு,” என்று படத்தைத் தொகுக்கும் தங்கையிடம் சொல்லியிருந்தார் இயக்குநர். நாற்பத்தொரு இமைப்புகள். ஒவ்வொன்றையும் தங்கை ஆசையோடு வெட்டினாள். மூன்று வருடம் படுக்கையில் கிடந்த அம்மாவை அக்கா எட்டிப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தபடியே அடங்கிப்போன அம்மாவின் கண்களை மூடியது தங்கையின் கை.

“இதுல நான் அழகா இருக்கேன்ல?” திரையிலிருந்து பார்வையை எடுக்காமல் கேட்டாள் அக்கா.

“உனக்கென்னக்கா, படம் எடுக்க ஆளிருக்கு. பீத்துணி துவைச்சவளை எவன் எடுப்பான்?”

“ஆரம்பிச்சிட்டியா? செத்தவளை இன்னும் எத்தனை நாளைக்குடி தூக்கிட்டு அலைவே?”

“நீதான் தூக்க வரலையே.”

அக்கா சிரித்தாள். உதடு மட்டும்.

“கண்ணு எரியுதுடி,” என்றாள் பிறகு, சின்னக் குரலில். “மூட வரல.”

தங்கை பதறி மோட்டாரை நிறுத்தினாள். முனகல் ஓய்ந்தது. அக்காவின் மூச்சும்.

வெட்டிய இமைப்புகளைத் திரும்ப ஒட்டிவிடலாம். கம்பியிலிருந்து துண்டுகளைப் பிய்த்தாள். முதல் துண்டை விளக்கில் பிடித்தாள். மூடியிருக்க வேண்டிய கண்கள் திறந்திருந்தன. அடுத்தது. திறந்திருந்தன. அதற்கடுத்தது. எல்லாமே.

“அக்கா. விளையாடாதே.”



அம்மாவுக்குச் செய்ததுபோலவே உள்ளங்கையை அக்காவின் நெற்றியில் வைத்துக் கீழே இழுத்தாள். இமை இறங்கவில்லை. சில்லென்றிருந்தது. சொரசொரப்பு. கையில் வெள்ளைக் கல்தூள்.

டீ டம்ளரின் விளிம்பிலிருந்து ஓர் ஈ எழுந்தது. அக்காவின் திறந்த கண்மணியில் போய் உட்கார்ந்து, அவசரமில்லாமல், முன்கால்களைத் தேய்த்துக்கொண்டது.