ஆலையடி நாய்க்கு உரியவர் யார்?

காலைத் தேநீர் ஆறும் முன்பே வழக்கு வாசலுக்கு வந்துவிட்டது. பெரியநீலாவணையிலிருந்து மீன் விற்க வரும் சின்னத்தங்கம், கெண்டைக்காலில் துணிக்கட்டுடன் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நேற்று உங்கட தம்பிட அரிசி ஆலைக்குள்ள இருந்துதான் நாய் பாய்ஞ்சு வந்திச்சு ஹாஜியார். அவர் தெருநாய் எண்டுறார். ஆஸ்பத்திரியில ஊசி போட்டாங்க. நாயைப் பத்து நாள் கட்டிவெச்சுப் பார்க்கட்டாம். ஆருமில்லாத நாயை ஆர் கட்டுறது?"

முகம்மது தம்பி ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர். முப்பது வருடமாக ஊராரின் பொய்களை முற்றத்தைப் பார்த்தே பிடித்தவர். தன் குடும்பத்தின் பெயரே வாசலில் வந்து நின்றது இதுதான் முதல் தடவை. சட்டையை மாட்டினார். அவருடைய மனைவியின் தம்பி ஸிராஜ் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். சின்னத்தங்கமும் நொண்டியபடி பின்னால் வந்தாள்.

தெரு முடிவில் ஆலை. இயந்திரம் பழுதென்று மூன்று நாளாகப் பூட்டியிருந்தது. ஆலைக்குச் சொந்தக்காரரான தம்பி அப்துல் ஸமட் மடியிலிருந்து திறப்பை எடுத்துத் திறந்தார்.

"எனக்கும் நாய்க்கும் என்ன காக்கா?" என்று அண்ணனைக் கேட்டார். "கிட்டயும் போனதில்ல. காவலாளி கோணாமலைட நாயா இரிக்கும்."

அப்போதுதான் சொறிக்கல்முனையிலிருந்து வந்திறங்கிய கோணாமலை, சைக்கிளில் தொங்கிய பையையே பார்த்தபடி நின்றார். மூன்று நாள் லீவு முடிந்த கையோடு வேலையும் போய்விடுமோ என்று அவருக்குப் பயம்.

முகம்மது தம்பி ஆலை வளவைச் சுற்றினார். வேப்பமரத்தில் முழங்கால் உயரத்தில் வளையமாகப் பட்டை தேய்ந்திருந்தது. குழாயடியில் பெயின்ற் வாளி ஒன்று. அதற்குள் ஈரமான கறுப்பு வயல்மண்.

"ரோசா நடப்போறாராக்கும்," என்றார் ஸிராஜ்.

"அப்ப பூச்சட்டி ஒண்டைக் காட்டுங்க மச்சான்."

ஸிராஜ் வளவெல்லாம் தேடினார். எங்கும் வெறும் கடல்மணல்தான்.

முகம்மது தம்பி எல்லோரையும் வேப்பமரத்தடிக்கு அழைத்தார்.

"தெருநாயை ஒருத்தரும் கட்டுறதில்ல. இந்த மரத்தில கனநாளாச் சங்கிலி உரஞ்சிரிக்கி. சரி, கட்டினது ஆர்? நாய்ர எச்சில் பட்டா எங்கட மார்க்கத்தில ஏழு தரம் கழுவணும், அதில ஒரு தரம் மண்ணால. அது தொழுறவன்ட கவலை. கோணாமலைக்கு அந்த வாளி தேவையில்ல. அவர் மூணு நாளா இஞ்ச இல்லவுமில்ல. மண்ணோ இன்னும் காயல்ல. திறப்பு ஆர்ட மடியில இருந்திச்சு ஸமட்?"

ஸிராஜ் துள்ளாத குறை. அப்துல் ஸமட்டின் முகம் வெளிறியது.

"வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவு காக்கா. நானும் நிற்கிறன். நாய் வளர்க்கிறவன் எண்டு கதைப்பாங்க..."

"காவலுக்கு நாய் வளர்க்க மார்க்கம் இடம் தருது. வளர்த்துப்போட்டு இல்லையெண்டு சொல்லத்தான் இடமில்ல. அதையும் இந்த மனிசன்ட தலையில போட்டாய். நாய் எங்க?"

"களஞ்சியத்துக்குள்ள. தடுப்பூசி போடல்ல."

"வாயைக் கட்டிக் கொண்டு வா. மிருக வைத்தியர்ட்டக் காட்டுவம். பத்து நாளும் என்ட வளவில கட்டியிரிக்கட்டும். தங்கச்சி நாளாந்தம் வந்து பார்க்கலாம்."

"பத்து நாளும் நாய் உயிரோட முழிச்சா நானும் முழிப்பன்," என்றாள் சின்னத்தங்கம்.

"கடைத்தெருவாலயா காக்கா? எல்லாரும் பார்ப்பாங்களே."

"பார்க்கட்டும். சங்கிலியை நீ பிடி. நான் முன்னால நடக்கிறன்."

முதுகு வளையாமல் பிரதான வீதியில் ஏறினார். முதலாவது கடை வாசலிலேயே ஒருவர் எழுந்து நின்று, "ஆர்ர நாய் ஹாஜியார்?" என்று கேட்டார்.

"எங்கட நாய்," என்றார் முகம்மது தம்பி, தெருவுக்கே கேட்கும்படி.