நிழல் பட்டால் பற்றும் கண்கள்

ஊரை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த பிறகு, டோர்செட் பார்க்கில் அந்த வீட்டுக்கு நாங்கள் குடிபோனது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு செப்டெம்பர் மாதத்தில். என் தங்கச்சி நிரூபாவும் அவள் புருசன் சச்சிதானந்தனும் நாலு வயது மகள் அட்சயாவும் மேல் வீட்டில். தனிக்கட்டையான எனக்குக் கீழே பேஸ்மென்ட். பழைய வீடு. வாசற்கதவைத் திறந்தால் ஹோல் வராது. நீளமான, ஒடுங்கிய ஒரு நடைதான் வரும். அதில் ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் சுவர்த்தட்டில் ஒரு மேசை விளக்கை எரிய விட்டுத்தான் நடமாட வேண்டும். அந்த நடையின் கடைசியில் அட்சயாவின் அறை இருந்தது.

ஒக்டோபரில் அவள் பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டாள்.

"அப்பா, எல்லார் வீட்டிலயும் பம்கின் இருக்கு. எங்கடை வீட்டில ஏன் இல்லை?"

மகள் கேட்டால் சச்சி தலைகீழாக நிற்பான். ஊரில் சுன்னாகத்தில் ரேடியோ திருத்தியவன், இங்கே ஒரு தொழிற்சாலையில் சர்க்கியூட் பலகைகளுக்கு ஈயம் ஒட்டுகிறவன். கத்தியால் பூசணிக்காயைக் குடைந்து மெழுகுதிரி வைப்பது அவனுக்குக் காணாது. பிளாஸ்டிக் பூசணி ஒன்றை வாங்கி வந்து குசினி மேசையில் கடையைப் பரப்பினான். கண்களுக்கு இரண்டு சிவப்பு பல்ப், உடைந்த விளையாட்டுச் சாமானிலிருந்து கழற்றிய ஒரு சிரிப்புப் பெட்டி, மூக்கு ஓட்டைக்குள் பயறளவு சென்சர் ஒன்று. சென்சரில் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும் வரைக்கும் பூசணி சும்மா இருக்கும். ஆராவது குறுக்கே போய் நிழல் விழுந்தால் கண் இரண்டும் பற்றி, கிக்கிக்கென்று சிரிக்கும்.

"குழம்புக்கை ஈயப்புகை மணக்குது. உதை அங்காலை கொண்டுபோய்ச் செய்யுங்கோவன்" என்று நிரூபா அலுத்துக்கொண்டாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பூசணியை நடையில், சப்பாத்துத் தட்டின் மேல், விளக்குக்கு நேர் எதிரே வைத்தான். உள்ளே வருகிற எவரும் விளக்குக்கும் பூசணிக்கும் நடுவால்தான் வரவேண்டும். அட்சயா அன்று பின்னேரம் முழுக்க அதன் முன்னால் போவதும் வருவதுமாக இருந்தாள். எனக்கே நாலைந்து தரம் நடந்து பார்க்க ஆசையாக இருந்தது, நடந்தும் பார்த்தேன்.

ஹலோவீன் அன்று பொழுது படுகிற நேரத்தில், பேய் வேஷம் போட்டு வீடுவீடாக மிட்டாய் கேட்கிற பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். இந்த ஊரில் வாசலில் நின்றபடியே மிட்டாயைப் பையில் போட்டு அனுப்புவதுதான் வழக்கம். நிரூபா சொன்னால் கேட்கிற ஆளா?

"நிலைப்படிக்கு அங்காலை ஒராள், இஞ்சாலை ஒராள் நிண்டு குடுக்கிறதே? சீதேவி போயிடும். உள்ளுக்கு வரட்டும்."

வந்த ஒவ்வொரு பிள்ளையையும் 'கம் இன், கம் இன்' என்று நடைக்குள் கூப்பிட்டாள். வெளியே தெருவோரம் நின்ற தாய் தகப்பன்மார் முகத்தைச் சுளித்தார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் கொண்டாட்டம். உள்ளே வரும்போது கண் பற்றும், திரும்பிப் போகும்போதும் பற்றும். அவர்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

கூட்டம் குறைந்த பிறகு ஒரு பிள்ளை வந்தது. நான் அப்போது ஹோலில் இருந்தேன், கண்ணால் கண்டேன். பெரியாட்களின் மழைக்கோட்டு ஒன்று கணுக்கால் வரை தொங்கியது. தொப்பி முகத்தை மூடியிருந்தது. காலில் செருப்பில்லை. கூட வந்த பெரியவர்கள் எவரையும் காணவில்லை. மற்றப் பிள்ளைகளைப் போல 'ட்ரிக் ஓர் ட்ரீட்' என்று சொல்லவும் இல்லை. நிலைப்படிக்கு வெளியே சும்மா நின்றது.

"ஐயோ, குளிருக்கை வெறுங்காலோடை. உள்ளுக்கு வாங்கோ பிள்ளை" என்றாள் நிரூபா, தமிழில்.

அது உள்ளே வந்தது. கண் பற்றியது. நிரூபா குனிந்து மிட்டாயை அள்ளிக்கொண்டு நிமிர்ந்தபோது நடையில் ஒருவரும் இல்லை.

"அதுக்கிடையிலை ஓடிட்டுது" என்று சிரித்தாள்.

சச்சி சிரிக்கவில்லை. பூசணியைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தான்.

"போகேக்கை கண் பத்தேல்லையே, மச்சான்."

எங்கேயோ வயர் விட்டிருக்கும் என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

அடுத்த நாள் மழை. பின்னேரம் நானும் நிரூபாவும் ஹோலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். சச்சி வேலையால் இன்னும் வரவில்லை, அட்சயா தன் அறையில். நடையில் ஒருவரும் இல்லை.

கிக்கிக் என்று பூசணி சிரித்தது.

சச்சி வந்து பற்றரியை மாற்றினான். ஒட்டுகளை எல்லாம் திரும்ப ஒட்டினான். விளக்கு மினுங்குகிறதோ என்று புது பல்ப்பும் போட்டான். அதற்குப் பிறகும் அது நினைத்த நேரத்தில் சிரித்தது. அவன் பூசணியையும் விளக்கையும் நடையின் கடைசிக்கு, மகளின் அறை வாசலுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தான். வாசற்பக்கம் இருந்ததைவிட அங்கேதான் கூடப் பற்றியது. அதோடு நடை முழுக்க ஒரு மணம், நனைந்த கம்பளியும் அழுகிய இலையும் கலந்ததுபோல.

அட்சயா அறைக்குள்ளே மெல்லமாகக் கதைத்துக்கொண்டிருப்பாள். நிரூபா கேட்டாள்.

"ஆரோடை செல்லம் கதைக்கிறீங்கள்?"

"மை ஃப்ரெண்ட். அவவுக்குக் குளிருதாம். என்ரை பெட்டிலை படுக்க விட்டனான்."

அட்சயா அதன் பிறகு படுக்கையை விட்டு எழும்பவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் கைகால் சில்லென்று கிடந்தன. டொக்டர் தடிமன் என்று சொல்லி மருந்து எழுதினார். நிரூபா அவளை மடியில் வைத்துக்கொண்டு உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சின்னக் கால்கள் நாளுக்கு நாள் மெலிந்துபோவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வேறு வீடு பார்ப்போம் என்றேன்.

"வீடு மாறினால் பிள்ளையோடை சேந்து அதுவும் வரும், அண்ணை. நான்தான் வா எண்டு கூப்பிட்டனான். நான்தான் அனுப்பவேணும்."

அடுத்த சனிக்கிழமை காலை நல்ல வெயில். சச்சி பூசணியையும் விளக்கையும் பழையபடி வாசற்பக்கம் கொண்டுவந்து வைத்தான். நிரூபா வாசற்கதவை அகலத் திறந்துவிட்டு, கை நிறைய மிட்டாயோடு வெளியே போய் நின்றாள். நானும் சச்சியும் நடையின் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றோம்.

"பிள்ளை" என்று அவள் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "இந்தாங்கோ, வந்து வாங்கிக்கொண்டு உங்கடை வீட்டை போங்கோ அம்மா. அங்கை தேடுவினம்."

ஒன்றும் அசையவில்லை. தெருவில் ஒரு பஸ் போனது.

அவள் திரும்பவும் கூப்பிட்டாள்.

அட்சயாவின் அறைக்கதவு கிரீச்சிட்டது.

பலகை நிலம் மெல்ல முனகியது. முதலில் அங்கே. பிறகு கொஞ்சம் இங்கே. ஈரக் கம்பளி மணம் என் முகத்தைத் தொட்டுக்கொண்டு போனது. மூச்சை அடக்கினேன்.

கண் இரண்டும் பற்றின.

பூசணி சிரித்து ஓய்ந்தது. நிரூபா ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்து கதவை அடித்துச் சாத்தினாள். அந்த மணம் இல்லை. நடை சாதாரண நடையாக இருந்தது. அவள் கதவில் சாய்ந்தபடி அழுதாள், சச்சியும் அழுதான். எனக்குச் சந்தோசத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

"அம்மா."

அறை வாசலில் அட்சயா நின்றாள். தன்பாட்டில் எழும்பி வந்திருந்தாள். முகத்தில் இரத்தம் ஓடியிருந்தது.

"அம்மா, எனக்குப் பால்."

அவள் நடையால் எங்களிடம் வந்தாள். விளக்குக்கும் பூசணிக்கும் நடுவால் வந்து தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

கண் பற்றவில்லை.

சச்சி கையை நீட்டி விளக்கை மறைத்தான். பற்றியது, சிரித்தது. கையை எடுத்தான், நின்றது.

"செல்லம், ஒருக்கா அங்கை போயிட்டு வாங்கோ" என்றான்.

அவள் போனாள். வந்தாள்.

பற்றவில்லை.

இவளுக்கு நிழல் விழவில்லை என்றால் வெளியே போனது ஆர்? சச்சி அவளைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

அப்போது வாசற்கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது.

மெல்லத் தட்டியது. கதவின் கீழ்ப்பக்கத்தில், நாலு வயதுப் பிள்ளையின் கை எட்டுகிற உயரத்தில்.

நான் கதவின் துளைக் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். படியில் வெயில் மட்டும்தான் கிடந்தது. தட்டுவது நிற்கவில்லை.

"கதவைத் திறக்காதேங்கோ, அம்மா" என்றது சச்சியின் தோளில் இருந்த பிள்ளை.

நிரூபா அவள் முகத்தைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். என் தங்கச்சியின் முகத்தில் அப்படி ஒரு வேதனையை நான் முந்தியும் பார்த்ததில்லை, பிந்தியும் பார்த்ததில்லை.

"திறக்காதை, நிரூபா" என்று நானும் சொன்னேன்.

அவள் திரும்பிக் கதவைத் திறந்தாள். வெறும் படியைப் பார்த்துக் குனிந்து, இரண்டு கையையும் நீட்டினாள்.

"வாடி, என்ரை குஞ்சு."

கண் இரண்டும் பற்றின.

சச்சியின் தோளில் இருந்த பிள்ளை உடல் குலுங்கி அழத் தொடங்கியது. இது எங்கள் அட்சயாவின் அழுகைதான். அவள் பிறந்த நாள் தொட்டு நான் கேட்ட அழுகை அது. இறக்கி விட்டு நடக்கச் சொல்லிப் பார்ப்போம் என்று நான் வாய் திறக்க முந்தியே சச்சி பூசணியை இழுத்து, பற்றரியைப் பிடுங்கி எறிந்துவிட்டான்.

"வேண்டாம் மச்சான். இனி எனக்குத் தெரிய வேண்டாம்."

அட்சயா தேறிவிட்டாள். ஓடினாள், பள்ளிக்கூடம் போனாள், தகப்பனிடம் செல்லம் கொட்டினாள். ஆனால் அந்த மணமும் திரும்பி வந்துவிட்டது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நடையில் நின்றது. மார்கழி பிறந்ததும் நான் யூனியன்வில் பக்கம் அறை எடுத்துக்கொண்டேன். புறப்படும்போது நிரூபாவையும் வெளிக்கிடச் சொல்லிக் கெஞ்சினேன். பால் காய்ச்சிக்கொண்டு நின்றவள் திரும்பாமலே பதில் சொன்னாள்.

"எது என்ரை எண்டு எனக்குத் தெரியேல்லை, அண்ணை. அதாலை ரெண்டையும் வச்சிருக்கிறன்."

இரண்டு கோப்பையில் பால் ஊற்றி மேசையில் வைத்தாள். அட்சயா வந்து ஒன்றைக் குடித்துவிட்டு ஓடினாள். மற்றதை ஒருவரும் தொடவில்லை. என் கண்ணுக்கு முன்னாலேயே அதில் பால் மெல்ல மெல்லக் குறைந்தது.