ஏழாம் எண் லாரியின் ஒழுக்கு

செவ்வாயின் கிழக்குக் குடியிருப்பில் வெள்ளிக்கிழமைதான் குளியல் நாள். நாலாயிரம் பேரும் ஆறு நாள் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு, ஏழாம் நாள் ஆளுக்கு நான்கு லிட்டர் வாங்கித் தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள். அந்தத் தண்ணீருக்கான பனிக்கட்டியைக் கொண்டுவருபவள் பொற்கொடி. மற்ற வண்டிகளெல்லாம் வழிகாட்டி அலையைப் பிடித்துத் தாமாகவே ஓடுபவை. பனிக்கட்டி வெட்டும் பள்ளத்துக்குள் அந்த அலை எட்டாது. அதனால் முதல் குடியேறிகள் கொண்டுவந்த ஏழாம் எண் லாரியை, ஸ்டியரிங் பிடித்துக் கையால் ஓட்டும் அந்தக் கிழட்டு வண்டியை, இன்னும் விட்டுவைத்திருந்தார்கள்.

ஐந்து மாதமாக அதன் பவர் ஸ்டியரிங் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. எண்ணெயின் அழுத்தம் போனால் பதினெட்டு டன் வண்டியை வெறும் தோள்பலத்தால்தான் திருப்ப வேண்டும். பொற்கொடி பணிமனைக்குப் போவாள். அங்கே பழுதறிவான் என்ற எந்திரம் அளவைப் பார்க்கும், எண்ணெய் ஊற்றும், "நிரப்பியாயிற்று. ஓட்டிப் பாருங்கள்" என்று இனிமையாகச் சொல்லும். பதினோரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

பன்னிரண்டாம் முறை போவதற்குள், பள்ளத்து இறக்கத்தில் ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது. லாரி பாறையில் உரசி நின்றது. கதவு உள்வாங்கியதில், பக்கத்தில் இருந்த துணையாள் தேவசகாயத்தின் வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. அவன் கத்தவில்லை. "எக்கா, வெரல் அசைய மாட்டேங்குது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

கட்டோடு அவன் திரும்பி வந்த அன்று, பொற்கொடி லாரியைக் கொட்டகைக்குள் நிறுத்தி, கதவை அடைத்து, மூச்சுவிடக் காற்றை நிரப்பினாள். அடிப்பாகம் முழுக்கச் செம்மண் புழுதி. ஓரிடத்தில் மட்டும் அது களிம்பாக அப்பியிருந்தது. எண்ணெய் பட்ட இடத்தில்தானே புழுதி ஒட்டும்? அந்தப் பகுதியைத் துடைத்துக் காயவிட்டுப் பம்பை ஓடவிட்டாள்.

"தேவு, ஒத்தக் கையால ஸ்டியரிங்கக் கடைசி வரைக்கும் ஒடி. ரெண்டு மூச்சுக்கு மேல பிடிக்காத, பம்பு போயிரும்."

"ஒடிச்சிட்டேன்க்கா. எங்கயும் கைய வச்சிராத!"

அவளுக்குத் தெரியும். அந்த அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். ஒரு காகிதத்தைக் குழாய் நெடுக நகர்த்தினாள். பம்பிலிருந்து போகும் அழுத்தக் குழாய் இரும்புப் பூணுக்குள் நுழையும் இடத்தில் காகிதம் நனைந்தது. மயிரிழை வெடிப்பு.

"இம்புட்டுதானா? இதுக்கா என் கை போச்சு?" என்றான் தேவசகாயம்.

ஓட்டம் ஓய்ந்த துளைப்பொறி ஒன்றிலிருந்து அதே அளவுக் குழாயைக் கழற்றி வந்து பொருத்தினார்கள். புது எண்ணெய் ஊற்றி, குமிழி அடங்கும்வரை ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார்கள். அதன்பின் ஒரு சொட்டு ஒழுகவில்லை. குளியல் நாள் ஒன்றுகூடத் தவறவில்லை.

நாற்பத்தோராம் நாள் பழுதறிவானிடமிருந்து ஆணை வந்தது: ஏழாம் எண் லாரி பயன்பாட்டில் இல்லை, பிரித்து உருக்கப்படும்.

பொற்கொடி பணிமனை அதிகாரி கமலநாதனிடம் ஓடினாள். அன்று வெள்ளிக்கிழமை. அவர் தலையில் இன்னும் ஈரம் காயவில்லை.

"தெனமும் ஓட்டுறேன் சார். நீங்க குளிச்ச தண்ணியே அதுல வந்ததுதான்."

"எனக்குத் தெரியும்மா. பதிவுல இல்லையே." அவர் குரலைத் தாழ்த்தினார். "பழுதறிவானுக்குப் பூமியில இருந்த பணிமனைகளோட நூறு வருஷப் பதிவைக் குடுத்துப் படிக்க வச்சாங்க. நல்ல பணிமனைன்னா வண்டிங்க திரும்பத் திரும்ப வரணும், வராத வண்டி செத்த வண்டி. அதுல இருந்து அது கத்துக்கிட்டது இதுதான். நாப்பது நாளைக்கு ஒரு தடவையாவது பழுதுன்னு கொண்டு வந்துடுங்க. ஆணை தானா ரத்தாயிடும்."

"பழுதே இல்லையே சார்."

"அதான்மா பிரச்சனை."

எப்படியோ போகட்டும் என்று லாரியை அப்படியே பணிமனைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். வாசலிலேயே எந்திரம் மறித்தது: "பழுதற்ற வண்டிக்கு அனுமதி இல்லை."

கொட்டகைக்குத் திரும்பினாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் படுத்தாள். அழுத்தக் குழாயைத் தொட மனம் வரவில்லை. எண்ணெய் தொட்டிக்குத் திரும்பி வரும் குழாயின் கவ்வியை அரைச் சுற்றுத் தளர்த்தினாள். எண்ணெய் சொட்டத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற தேவசகாயம் கோணலாய்ச் சேர்ந்த கையைத் தடவிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நிரப்பியாயிற்று. ஓட்டிப் பாருங்கள்" என்றது பழுதறிவான். ஆணை ரத்தானது.

இரண்டு நாள் கழித்து, குடியிருப்புக்கே மூச்சுக் கொடுக்கும் காற்றுப் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஞானசுந்தரம் கொட்டகைக்கு வந்தார். நிதானமான மனிதர். அவர் பொறுப்பேற்று மூன்று வருடத்தில் ஒரு பம்பும் நின்றதில்லை; கடந்த நாற்பது நாளில் ஒன்றுகூடப் பணிமனைக்குப் போகவும் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஆணைத் தாளை எடுத்து நீட்டினார்.

"நமக்கும் வந்துருச்சும்மா" என்றார். "நீ எத்தன சுத்துத் தளத்துன?"