சுவர் கேட்ட கலவை

கொத்தனார் தட்டவே இல்லை. ஆனாலும் அவர் மனைவி கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"யாரு கேட்டா?" என்றார், ரசமட்டத்தின் குமிழிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீங்கதான். ரெண்டு தட்டு தட்டினீங்களே."

"நான் எங்க தட்டினேன்? ரெண்டு கையும் கல்லப் புடிச்சிட்டு இருக்கு, பாரு."

"அப்ப சுவரு தட்டிச்சாக்கும்," என்று சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனாள்.

கல் அறுக்கும் மெஷினின் இரைச்சலில் அவளுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம் என்று, வெகுகாலத்துக்கு முன்பே இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். கொத்துக்கரண்டிக் காம்பால் சுவரில் ஒரு தட்டு தட்டினால் கல் வேண்டும், இரண்டு தட்டினால் கலவை வேண்டும். காதில் விழாவிட்டாலும் அந்த அதிர்வு அவள் காலுக்குத் தெரிந்துவிடும். தூக்கத்தில் தட்டினால்கூட எழுந்து சிமெண்டைத் தேடுவாள் என்று கொத்தனார் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அது புது வீடு, இன்னும் யாரும் குடிவரவில்லை. பெயிண்ட் வாசனையும் ஈரச் சிமெண்ட் வாசனையும் கலந்து மூக்கை அடைக்க, திரையில்லாத ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் நீளமாக விழுந்து கிடந்த அந்தக் கூடத்தின் கோடிச் சுவர் முழுக்க அவர்கள் செயற்கைக் கல் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அச்சில் வார்த்துச் சாயம் பூசிய கல். பார்த்தால் பாறை, தூக்கினால் பொரி மூட்டை. சுவருக்கு அந்தப்பக்கம் வெறும் கொல்லை. அங்கேதான் மெஷினைப் போட்டிருந்தார். அந்தச் சுவருக்குள் ஒரு பல்லி ஒளிந்துகொள்ளக்கூட இடமில்லை.

மூலையில் இன்னும் ஒரே ஒரு வரிசைதான் பாக்கி. இன்றைக்கே முடித்தாக வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். மகளுக்கு நாளைக்குப் பிரசவத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். "நாளைக்கு நீங்க தட்டுனாலும் வர மாட்டேன். எம்பொண்ணு பக்கத்துல இருப்பேன்," என்று காலையிலேயே அறிவித்திருந்தாள்.

ஒட்டிய கல் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பது கொத்தனாரின் வழக்கம். பின்னால் கலவை நிறைந்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும். பள்ளம் இருந்தால் பானையைத் தட்டின மாதிரி 'டொக்' என்று கேட்கும். மூலையில் ஒரு கல் தவிர அந்த வரிசையையும் ஒட்டிவிட்டுத் தட்டிக்கொண்டே வந்தவர், தோள் உயரத்தில் இருந்த ஒரு கல்லில் நின்றார். டொக். சற்றுமுன் ஒட்டியது. உளியை நுழைத்து நெம்பிப் பெயர்த்துத் திருப்பினார்.

முதுகு நிறையக் கலவை இருந்தது. அதன் நடுவில் ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது.

ஐந்து விரலும் தெளிவாக, ரேகைகூடத் தெரிய, ஆழமாக அழுத்தியிருந்தது. சுவர்ப் பக்கத்திலிருந்து. அவர் தன் கையை வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. அந்த விரல்கள் அவருடையதைவிட ஒரு கணு நீளம். கல் இருந்த இடத்தில் சுவர் வறண்டு, கலவை பிடிக்க அவரே கொத்திவிட்ட கொத்துகளோடு, சாதுவாக நின்றது.

மனைவியிடம் சொன்னால் பயந்துவிடுவாள், அல்லது ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இரண்டுமே வேண்டாம் என்று நினைத்து, அந்தக் கையைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டு, புதுக் கலவை அப்பி அந்தக் கல்லை அதே இடத்தில் ஒட்டினார். அப்புறம், தண்ணீர் குடிக்கப் போவதுபோலக் கொல்லைக்குப் போய்ச் சுவரின் அந்தப்பக்கத்தைப் பார்த்தார். வெறும் பூச்சு. வெயில் பட்டு வெதுவெதுவென்று இருந்தது. அவருக்கே தன்மேல் எரிச்சல் வந்தது.

திரும்பிக் கூடத்து வாசலுக்கு வந்தபோது சத்தம் கேட்டது.

டக். டக்.

அவர் கரண்டி அவர் இடுப்பில் இருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து கலவையைக் கிளறிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே "ம், வரேன்" என்றாள். சட்டியைத் தூக்கினாள். நேராகச் சுவரிடம் போனாள். யாரோ அங்கே நிற்பதுபோலச் சட்டியை நீட்டினாள்.

"இந்தாங்க."

சட்டியின் மறுவிளிம்பு லேசாகத் தாழ்ந்தது.

"ஏம்மா!" என்று அவர் போட்ட சத்தம் காலி வீடு முழுக்க எதிரொலித்தது. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கலவை தரையில் சிந்தியது.

"அடப்பாவி மனுஷா, உசுரே போயிடுச்சு! நீங்க அங்கயா நிக்கிறீங்க? இங்க..." என்று சுவரைப் பார்த்தாள். பிறகு அவரை. "இப்ப தட்டினது யாரு?"

"யாருமில்ல. போலாம் வா."

"இன்னும் ஒரு கல்லுதாங்க. அத வெட்டி ஒட்டிட்டா முடிஞ்சுது. இல்லன்னா நாளைக்கு நீங்க இங்க, நான் அங்கன்னு ஆயிடும்."

அவள் சொன்னது நியாயம். அந்தக் கையைப் பற்றி அவர் அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"சரி, நீயும் கூடவே வா. என் கண்ணு முன்னாடியே நில்லு."

"இதென்ன கூத்து, புதுமாப்பிள்ளை மாதிரி!" என்று முணுமுணுத்தாலும் வந்தாள். கொல்லையில் மெஷினுக்கு எதிரே, தூசி முகத்தில் அடிக்காமல் தள்ளி, செருப்பைக் கழற்றிவிட்டு, அதே சுவரின் பின்பக்கத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள். அவர் அளவு குறித்த கல்லை வைத்து மெஷினைப் போட்டார். காதைக் கிழிக்கும் இரைச்சல் கிளம்பியது. வெள்ளைத் தூசி எழுந்து எல்லாவற்றையும் மூடியது. தூசிக்கு அந்தப்பக்கம் அவளுடைய நிறம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. குனிந்து கத்தியைக் கவனித்தார். விரல் போய்விடக்கூடிய வேலை, கவனிக்காமல் முடியாது.

மெஷினை நிறுத்தினார். தூசி இறங்கியது.

செருப்பு இருந்தது. அவள் இல்லை.

அவள் சாய்ந்திருந்த இடத்தில் கையை வைத்தார். உள்ளிருந்து அதிர்வு வந்தது. இரண்டு. நின்றது. மறுபடி இரண்டு.

ஓடினார்.

கூடத்தில் யாரும் இல்லை. கலவைச் சட்டி சுவரடியில் கிடந்தது. வழித்தெடுத்தது போலக் காலி. மூலையில் அவர் விட்டுவைத்த இடத்தில் ஒரு கல் ஒட்டியிருந்தது. அந்த இடத்துக்காக வெட்டிய கல் இன்னும் அவர் கையில் இருந்தது.

"ஏம்மா..." என்றார் சுவரைப் பார்த்து. "ஏம்மா, விளையாடாத."

கரண்டியை உருவித் தட்டினார். டொக். பக்கத்துக் கல். டொக். மேலே. கீழே. டொக், டொக். காலையிலிருந்து கெட்டியாகச் சத்தம் கொடுத்த சுவர் முழுக்க இப்போது பானை.

உளியைப் போட்டு நெம்பினார். முதல் கல் வந்தது. அதன் முதுகுக் கலவையில் புடவை நெசவு பதிந்திருந்தது. அடுத்தது, வளைந்த முழங்கை. அடுத்தது, ஒரு காது. அதன்மேல் கலைந்த முடி, இழை இழையாக. ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் சுவர் இருந்தது. வறண்ட, கெட்டியான, வெறும் சுவர். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. விடவில்லை. பெயர்த்த கற்களைக் கலவை மேலே தெரிய, அவள் உடம்பின் இடம் பார்த்துத் தரையில் அடுக்கினார். தோள். கை. மூடிய கண். மூடாத கண்.

மூலையில் இருந்த கல்லைக் கடைசியாக எடுத்தார். அதில் வாய் இருந்தது.

கழுத்துக்கு மேலே, அதன் இடத்தில் வைத்தார். ஈரக் கலவையில் குழிந்திருந்த உதடுகள் மெல்லப் பிரிந்தன. சத்தம் வரவில்லை. ஆனால் அவருக்குப் புரிந்தது. மகளின் பெயர்.

கலவை இறுக எத்தனை நேரமாகும் என்று கொத்தனாருக்குத் தெரியும். பாய்ந்து போய் வாளியை இழுத்து வந்தார். மண்டியிட்டு, உள்ளங்கையால் தண்ணீரை அள்ளி அள்ளி அவள்மேல் தெளித்தார். தெளிக்கத் தெளிக்க உதடுகள் அசைந்தன. வாளியில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. எழுந்து போய்ப் பிடித்து வரும் நேரம்கூட இல்லை. கீழுதட்டின் ஓரம் ஏற்கெனவே வெளுத்து இறுகத் தொடங்கியிருந்தது.